குழந்தைக்கு வாங்கிய சிரப்பை ஹாம்ஸ்டருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் முடிச்சூரில் இருக்கிறோம். மாமனார் காலத்தில் நெல் போட்ட நிலமெல்லாம் மனையாகிவிட்டது. இப்போது இரண்டு கறவை மாடும் ஆறு ஆடும்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்டாள் என்று சந்தையில் இரண்டு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்தோம். ‘ஜோடியாக வைத்தால்தான் நன்றாக இருக்கும்’ என்றார் விற்றவர். மூன்று வாரம் கழித்து ஆண் ஹாம்ஸ்டருக்குக் கழிச்சல் வந்தது. சின்னவனுக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருந்தது. அதில் காலையும் மாலையும் இரண்டு சொட்டு கொடுத்தேன். இரண்டு நாள் தேறியது போலத் தெரிந்தது. ஐந்தாம் நாள் காலை செத்துக் கிடந்தது. இரண்டு சொட்டுதானே ஐயா கொடுத்தேன்? என்னால்தான் செத்ததா? மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளிடம் மருந்து கொடுத்ததைச் சொல்லவில்லை. இருக்கும் ஒன்றும் இப்போது பக்கத்தில் போனாலே கடிக்கிறது. காகிதத்தை எல்லாம் இழுத்து மூலையில் குவிக்கிறது. துணை இல்லாத ஏக்கமா? இன்னொன்று வாங்கி விடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே அதில் இருந்த எண்ணுக்குப் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை அது. ஏன் என்பது கீழே வரும். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன். மாடு, ஆடு, கோழி பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த இந்தப் பகுதிக்குக் கடந்த இரண்டு வருடமாக ஹாம்ஸ்டர் கேள்விகள் வருகின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் புறா, லவ் பேர்ட்ஸ் வரிசையில் இதுவும் கண்ணில் படுகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுக்கிறோம். அதன் வைத்தியம் மட்டும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

முதலில் உங்கள் முதல் கேள்வி. உங்களால்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் தேறி, ஐந்தாம் நாள் சட்டென்று போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் கணக்கைப் பார்த்தால் மருந்தின் பக்கம்தான் என் சந்தேகம் சாய்கிறது.

காரணம் அளவு அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லி சிரப் என்றால், 120 கிராம் ஹாம்ஸ்டருக்கு நூறில் ஒரு பங்கு, அதாவது ஒரு சொட்டு. நீங்கள் இரண்டு கொடுத்தீர்கள். இரு மடங்கு, அவ்வளவுதான். ஒரே ஒரு சொட்டு கொடுத்திருந்தாலும் இதே ஆபத்து இருந்திருக்கும்.

ஹாம்ஸ்டரின் பெருங்குடல் தொடக்கத்தில் ஒரு பை இருக்கிறது. தானியமும் நாரும் அங்கேதான் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கின்றன, மாட்டுக்கு அசையூண் வயிற்றில் நடப்பது போல. பென்சிலின் வகை மருந்து உள்ளே போனதும் அந்த நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். அவை இருந்த இடத்தை கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பிடித்துக்கொள்ளும். பயிரை அழித்த வயலில் கோரை ஏறுவது மாதிரிதான். அது விடும் நஞ்சு குடலை அரித்து, மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் கொன்றுவிடும். முதல் நாளிலேயே எதுவும் தெரியாததால் மருந்து கேட்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இது ஹாம்ஸ்டருக்கு எவ்வளவு தீவிரமாக நடக்கும் என்றால், 1970களில் கிளிண்டாமைசின் சாப்பிட்ட மனிதர்களுக்கு வந்த கடுமையான குடல் அழற்சிக்கு எது காரணம் என்று தேடியவர்கள், ஹாம்ஸ்டரை வைத்துத்தான் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே வீட்டு அலமாரியில் கிடக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், செஃபலெக்சின், எரித்ரோமைசின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் எதையும் ஹாம்ஸ்டர் வாயில் ஊற்றாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிற பென்சிலின்–ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஊசி இன்னும் மோசம். ஸ்ட்ரெப்டோமைசின் நேரடியாகவே இதற்கு நஞ்சு. ஹாம்ஸ்டருக்குப் பொருந்துகிற ஆன்டிபயாடிக் மருந்துகளும் உண்டு. அதை எடை போட்டுப் பார்த்துத் தர மருத்துவர் வேண்டும்.

முயல் வளர்க்கிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முயலுக்கும் கினி பன்றிக்கும் குடல் அமைப்பு கிட்டத்தட்ட இதே கதைதான். வாய் வழியாக அமாக்ஸிசிலின் கொடுத்துப் பண்ணையில் பாதி முயலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நானும் யோக்கியன் இல்லை. பணியில் சேர்ந்து பல வருடம் கழித்து முதன்முதலாக ஒரு சிறுவன் சட்டைப் பையில் ஹாம்ஸ்டரைக் கொண்டு வந்தான். காலில் சீழ். கன்றுக்குட்டிக்குப் போடுகிற மருந்தையே நீர்த்துப் போட்டேன், அளவைக் குறைத்தால் போதும் என்ற எண்ணத்தில். நாலு நாள் கழித்து அவன் வெறும் கையோடு வந்து நின்றான். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

சரி, கழிச்சல் வந்தால் என்னதான் செய்வது? ஹாம்ஸ்டருக்கு, அதிலும் இளம் ஹாம்ஸ்டருக்கு, இடம் மாறிய அதிர்ச்சியில் வருகிற ஒரு கழிச்சல் உண்டு. வாலைச் சுற்றி ஈரமாக, நாற்றத்தோடு, ரோமம் ஒட்டிப் போயிருக்கும். கூனிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். இது இரண்டே நாளில்கூடக் கொன்றுவிடும். ஆகவே ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம். வெள்ளரி, கேரட், கீரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து, ஊசி மாட்டாத இன்சுலின் சிரிஞ்சால் வாயின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். அது நக்கி விழுங்கட்டும், பிறகு அடுத்த சொட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நோய் வந்ததைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, பழைய கூண்டை வெந்நீரில் கழுவிக் காய வையுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

உள்ளூர் மருத்துவர் ‘எனக்கு இது பழக்கமில்லை’ என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்தான் நல்லவர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அதன் மருத்துவமனைக்குச் செல்லப் பிராணிகளைக் கொண்டு போகலாம். வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே கிளம்புங்கள். கூண்டை மெல்லிய துணியால் மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை கொடுத்த மருந்தின் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இனி, உயிரோடு இருக்கும் ஒன்று. கடிக்கிறது, காகிதம் குவிக்கிறது என்று எழுதியதைப் படித்ததும்தான் போனை எடுத்தேன். ‘வயிறு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டேன். இரண்டு பக்கமும் பிதுங்கி, பேரிக்காய் மாதிரி இருக்கிறது என்றீர்கள். அம்மா, அது ஏக்கம் இல்லை. சினை.

சந்தையில் விற்கும் பொன்னிற ஹாம்ஸ்டருக்குச் சினைக்காலம் 16 நாள்தான். பசுவுக்கு ஒன்பது மாதம், ஆட்டுக்கு ஐந்து மாதம் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது கண் இமைக்கும் நேரம். பெட்டை நாலு நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஜோடியாக வைத்தால் முதல் வாரமே காரியம் முடிந்துவிடும்.

‘ஜோடியாக வைத்தால்தான் நன்றாக இருக்கும்’ என்றது தவறு. இந்த இனம் தனிக்கட்டை. காட்டில் ஒரு வளையில் ஒன்றுதான் இருக்கும். எட்டு, பத்து வாரம் ஆனபின் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும், பெரும்பாலும் ராத்திரியில், நாம் தூங்கும்போது. துணை இல்லையே என்று நாம் படுகிற வருத்தம் நம்முடையது. அதற்கு அது கிடையாது. இன்னொன்று வாங்க வேண்டாம்.

பிரசவ நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. வாசனையும் அச்சும் இல்லாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துக் கூண்டில் நிறையப் போடுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் காலில் சுற்றிக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த முட்டையின் வெள்ளையில் ஒரு துணுக்கு தினமும் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். குட்டி போட்ட பிறகு இரண்டு வாரத்துக்குக் கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள், குட்டியைத் தொடாதீர்கள், மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். பயந்த தாய் குட்டியைத் தின்றுவிடும். நம் கைவாடை பட்டாலும், புரதம் போதாவிட்டாலும், ஓயாத சத்தம் இருந்தாலும் இது நடக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘பேய்’ என்று திட்டுகிறவர்கள் உண்டு. வளைக்கு ஆபத்து வந்துவிட்டது, இனி இவற்றைக் காப்பாற்ற முடியாது என்று அதன் உடம்பு முடிவு கட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1930-ல் சிரியா நாட்டில் அலெப்போ ஊர்ப் பக்கம் ஒரு வயலில் ஆழமாகத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார்கள். பிடித்தவர் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர், ஜெருசலேமில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிக்காக. பெட்டியில் போட்டதுமே அந்தத் தாய் தன் குட்டி ஒன்றைக் கொன்றது. மிஞ்சியவற்றில் சில பிழைத்துப் பெருகின. இன்று உலகத்தில் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே வயிற்றின் வம்சம்தான். உங்கள் மகளின் கூண்டில் இருப்பதும் அநேகமாக அதன் பேத்திதான். கோதுமை வயலில் பிறந்த குணம் அதற்கு இன்னும் போகவில்லை. நம் வயல் எலி வளைக்குள் நெற்கதிரைப் பதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வளை தோண்டும் இருளர்கள் படிக்கணக்கில் நெல் எடுப்பார்கள். ஹாம்ஸ்டரும் அப்படியே. கன்னப் பை இரண்டிலும் தானியத்தை அடைத்துக்கொண்டு போய் மூலையில் கொட்டும். ஜெர்மன்காரர்கள் பொருளைப் பதுக்குவதையே இதன் பெயரை வைத்துத்தான் சொல்வார்கள். ஆகவே கன்னம் திடீரென்று வீங்கினால் கட்டி என்று பயப்படாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க வற்றாமல் இருந்தால்தான் கவலை. சுத்தம் செய்கிறேன் என்று சேமிப்பு முழுவதையும் அள்ளிக் கொட்டாதீர்கள். கெட்டுப்போனதை மட்டும் எடுத்துவிட்டு, பழைய படுக்கையில் ஒரு பிடியைத் திரும்பப் போடுங்கள். தன் வாடை இல்லாத இடத்தில் அது நிம்மதியாக இருக்காது.

எறும்பை மறக்காதீர்கள். பிறந்த குட்டிக்கு ரோமமும் கிடையாது, கண்ணும் திறந்திருக்காது. கட்டெறும்பு ஏறினால் முடிந்தது. கூண்டைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் போடாதீர்கள், அது பூச்சிமருந்து. மேசை மேல் கூண்டை வைத்து, மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டி காலத்துச் சமையலறை வைத்தியம்தான்.

தீனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பு, தினை, சோளம், கோதுமை கலந்து ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் கொத்தமல்லித் தழை, ஒரு நகத்தளவு கேரட். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வகை, சாக்லேட், முறுக்கு வேண்டாம். ஆனால் விவசாய வீட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை. விதைக்கு வைத்த தானியத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடாதீர்கள். விதை நேர்த்தி செய்த, இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறிய விதையில் இருப்பது பூஞ்சைக்கொல்லி. வண்டுக்கு மாத்திரை வைத்த மூட்டையிலிருந்தும் எடுக்காதீர்கள்.

வெயில். இதுதான் நம் ஊரில் ஹாம்ஸ்டரின் பெரிய எமன். இணையத்தில் குளிரில் விறைத்துத் தூங்குவதைப் பற்றி நிறையப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். முடிச்சூரில் மார்கழியில்கூட அந்தக் குளிர் வராது. 20 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம், 30-ஐத் தாண்டினால் தவிப்பு. அதற்கு வியர்க்காது, நாய் மாதிரி இளைத்துச் சூட்டை இறக்கவும் சரியாக வராது. கத்திரி முடிந்துவிட்டது என்று இருக்காதீர்கள், ஆனி வெயிலும் தகர ஷீட் கூரையின் கீழ் ஒன்றுதான். ஷீட் போட்ட அறையிலும் மாடி வராந்தாவிலும் கூண்டு கூடாது. வீட்டிலேயே குளிர்ச்சியான தரை எதுவோ அங்கே, நிழலில் வையுங்கள். ஓரம் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கூண்டுக்குள் கவிழ்த்து வைத்து, மேலே மட்டும் தண்ணீர் தெளித்தால் உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளும். வாயில் எச்சில் வழிந்து, தொட்டால் துவண்டு கிடந்தால் சூடு தாக்கிவிட்டது. சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் படுக்க வையுங்கள். ஐஸ் கட்டி மேல் வைக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொல்லும்.

மழைக்காலம் இன்னொரு கணக்கு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூருக்குள் வந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் ஏறும்போது வளையில் இருக்கும் எலி, பெருச்சாளி எல்லாம் வீட்டுக்குள் ஏறும். அவற்றின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். ஹாம்ஸ்டர் அந்தக் கிருமிக்கு மிகவும் எளிதாக இரையாகும். ஆய்வுக்கூடங்களில் எலிக்காய்ச்சலை ஆராய இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வீட்டு எலி கூண்டின் மேல் ஏறி மூத்திரம் விட்டால் ஹாம்ஸ்டருக்கு வரும், அதைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்கும் வரலாம். அதனால் கம்பி இடைவெளி நெருக்கமான கூண்டு, இரவில் மேலே கனமான மூடி, சிந்திய தானியத்தை அன்றன்றைக்கே பெருக்குவது, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. ஐப்பசி பிறப்பதற்குள் இதெல்லாம் பழக்கமாகிவிட வேண்டும்.

கடைசியாக மகள் விஷயம். அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றுதான் போனில் சொன்னேன். ‘என்னை வெறுத்துவிடுவாளே’ என்றீர்கள். பதினோரு வயதுப் பிள்ளை, ஆட்டுக்கு நோய் வருவதையும் சாவதையும் பார்த்து வளர்ந்தவள். சொல்லாமல் விட்டால், தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். காப்பாற்றத்தான் கொடுத்தேன், அது ஒத்துக்கொள்ளாத மருந்து என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஹாம்ஸ்டருக்கு ஆயுளே இரண்டு, இரண்டரை வருடம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது, விற்பவர்கள் சொல்வதில்லை.

குட்டிகள் 21 நாளில் தாய்ப்பால் மறக்கும். நாலு வாரத்துக்குள் ஆணையும் பெட்டையையும் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கணக்கு தொடங்கிவிடும். யார் வீட்டுக்குக் கொடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

இதை எழுதி முடித்துக் கவரில் போடும்போது அந்த அம்மாவிடமிருந்து போன். நேற்று இரவு குட்டி போட்டுவிட்டதாம். காகிதக் குவியலுக்குள் கீச்சுச் சத்தம் கேட்கிறதாம். மகளிடம் மருந்து விஷயத்தைச் சொல்லிவிட்டாராம், ஒரு நாள் பேசாமல் இருந்தாளாம். இப்போது கூண்டு இருக்கும் அறைக் கதவைச் சாத்தி, ‘யாரும் உள்ளே போகக் கூடாது’ என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாளாம். தம்பியைக்கூட விடவில்லையாம். எத்தனை குட்டி என்று கேட்டேன். ‘பத்து நாள் ஆகட்டும், எண்ணிச் சொல்கிறேன்’ என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.